போலிரோவுக்கு டோ பார்: பம்பருக்குக் காவலா, டிரெய்லர் இழுக்கவா?

கேள்வி, பாலக்கோட்டு வாசகர் ஒருவர், 10.02.2024

அண்ணா, என் எர்டிகாவுக்குப் பின்னால் குண்டு வைத்த டோ பார் (டிரெய்லர் இழுப்பதற்கான இரும்புத் தண்டு) மாட்டலாம் என்று இருக்கிறேன். இழுக்க எதுவும் இல்லை. ஆனால் பின்னால் எவனாவது வந்து இடித்தால் அவன் ரேடியேட்டர்தான் போகும், நம் பம்பருக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். பட்டறையில் அரை நாளில் வெல்டிங் அடித்துக் கொடுத்துவிடுவார்களாம். நீங்கள் போலிரோவுக்கு மாட்டப்போவதாகச் சொன்னீர்களே, எது வாங்கலாம்?

10.02.2024, இரவு

தம்பி, இடிப்புக்காக என்றால் மாட்டாதீர்கள்.

பின்பக்கம் இடி விழுந்தால் பம்பரும் அதற்கு உள்ளே இருக்கும் தகடும் நசுங்கித்தான் ஆக வேண்டும். நசுங்கும்போது இடியின் வேகத்தை அவை தின்றுவிடும். நடுவில் ஒரு இரும்புக் குண்டு நீட்டிக்கொண்டிருந்தால் இடி நசுங்கும் பகுதியைத் தாண்டி நேராக உள் சட்டத்துக்குப் போகும். பம்பரில் கீறல் இருக்காது, ஆனால் டிக்கித் தளம் வளைந்திருக்கும், உங்கள் கழுத்து ஒரு உலுக்கு உலுங்கியிருக்கும். பம்பர் மாற்றுவது ஒரு நாள் வேலை. தளம் நிமிர்த்துவது அப்படி இல்லை.

இன்னொன்று, எர்டிகாவுக்குத் தனி சேஸ் கிடையாது, உடம்பேதான் சட்டம். போலிரோவுக்கு லாரி மாதிரி நீளவாட்டில் இரண்டு சேஸ் தண்டுகள் ஓடுகின்றன, போல்ட் போட இடம் இருக்கிறது. எனக்கு நல்லதாக இருப்பது உங்களுக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று இல்லை.

11.02.2024

போலிரோவுக்கு டோ பார் எதற்காக என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பழைய மரங்கள், அந்தப் பக்கம் போன வருஷம் நட்ட பெங்களூரா மாங்கன்றுகள். கிணறு இந்தப் பக்கம். கன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோக 500 லிட்டர் டேங்க் வைத்த சின்ன இரண்டு சக்கர டிரெய்லர் வேண்டும். டிராக்டர் சொந்தமாக இல்லை. வாடகைக்குக் கூப்பிட்டால் அவர் வருவதற்குள் கன்று காய்ந்துவிடும்.

18.02.2024

ஓசூரிலிருந்து ஒரு நண்பர் "டிராக்டர் மாதிரி பின் போட்டு வளையம் மாட்டினால் போதுமே, குண்டு எதற்கு" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. வளையமும் பின்னும் மலிவு, உள்ளூரிலேயே கிடைக்கும், தேய்ந்தால் பத்து நிமிடத்தில் மாற்றலாம். ஆனால் வளையத்துக்குள் பின் லொடலொடவென்று ஆடும். டிராக்டர் வேகத்தில் அது பெரிய விஷயம் இல்லை. கார் நாற்பதில் போய் பிரேக் அடிக்கும்போது அந்த ஆட்டம் முழுவதும் ஒரு அடியாக சேஸில் வந்து விழும். குண்டும், அதன் மேல் கவிழும் கப்ளரும் (டிரெய்லர் மூக்கில் இருக்கும் கிண்ணம்) இறுக்கமாக உட்காரும், மேடு பள்ளத்தில் எல்லாப் பக்கமும் திரும்பும். தோப்புக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் வளையமும் பின்னுமே போதும். எனக்கு ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது.

குண்டிலும் இரண்டு வகை. ஒன்று நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருப்பது. இன்னொன்று ரிசீவர், அதாவது வண்டிக்கு அடியில் சதுரக் குழாய் ஒன்று மட்டும் இருக்கும், தேவைப்படும்போது குண்டு வைத்த தண்டைச் செருகிக் குறுக்கே பின் போட்டுவிடலாம். முதலில் நிரந்தர வகையைத்தான் நினைத்திருந்தேன், கழற்ற ஒன்றும் இல்லை, தொலைய ஒன்றும் இல்லை என்று. இப்போது மனசு மாறிவிட்டது. வாரத்தில் முக்கால்வாசி நாள் டிரெய்லர் இல்லாமல்தான் ஓடப்போகிறது. முழங்காலுக்குக் கீழே இரும்பை நீட்டி வைத்துக்கொண்டு சந்தையில் நிறுத்தினால் நான்கு பேர் கெண்டைக்காலைப் பேர்த்துக்கொண்டு நம் பரம்பரையையே இழுப்பார்கள்.

19.02.2024

"2 இஞ்ச் குண்டும் 50 மில்லிமீட்டர் குண்டும் ஒன்றுதான், எது கிடைத்தாலும் வாங்குங்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பதை யாரும் நம்ப வேண்டாம். 2 இஞ்ச் என்பது 50.8 மி.மீ. ஐரோப்பியக் கணக்கு 50, அமெரிக்கக் கணக்கு 50.8. இந்த முக்கால் மில்லிமீட்டர் சொச்சம் தேய்மானத்தோடு சேர்ந்தால் கப்ளர் குண்டை விட்டு எகிறிவிடும். 50 மி.மீ. குண்டு தேய்ந்து 49-க்கு வந்தாலே தூக்கிப் போட வேண்டும் என்பது கணக்கு. அந்த அளவுக்குச் சின்ன இடைவெளியில் நடக்கும் விஷயம் இது. டிரெய்லரின் கப்ளர் மேல் அளவு அடித்திருப்பார்கள், முதலில் அதைப் பார்த்துவிட்டு குண்டு வாங்குங்கள்.

ரிசீவர் குழாயின் வாய்க்கும் 2 இஞ்ச் என்றுதான் சொல்வார்கள். அது வேறு அளவு, குண்டின் அளவு இல்லை. கடைக்காரரே குழம்புவார்.

02.03.2024

ஓசூர் நண்பர் மறுபடியும்: "எவ்வளவு எடை தாங்கும் என்று எப்படித் தெரியும்? கடைக்காரன் இரண்டு டன் என்கிறான்."

கடைக்காரர் சொல்வது டோ பார் தாங்கும் எடை மட்டும். வண்டி, டோ பார், குண்டு, கப்ளர் என்று நான்கு இருக்கின்றன. நான்கில் எது குறைவோ அதுதான் உங்கள் அளவு. காரின் கையேட்டில் இழுவை எடை என்று ஒன்றும் போடாமல், டிரெய்லர் இழுக்காதே என்று எழுதியிருந்தால் டோ பார் பத்து டன் தாங்கினாலும் புண்ணியமில்லை. முன் பம்பரில் முறுக்கிச் செருகும் கொக்கி ஒன்று கருவிப் பையில் வருமே, அது வண்டி நின்றுபோனால் மெதுவாக இழுத்துப்போக மட்டும்தான். அதில் டிரெய்லர் கட்டலாமா என்று கேட்டவர் தயவுசெய்து கட்டாதீர்கள்.

பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பாவில் ஒரு கட்டுப்பாடு உண்டு: 750 கிலோவுக்கு மேல் கூடாது, இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதிக்கு மேலும் கூடாது. நம் ஊர்ச் சட்டம் இல்லைதான், ஆனால் நான் அதைத்தான் எல்லையாக வைத்துக்கொண்டேன். 500 லிட்டர் தண்ணீர் 500 கிலோ, டிரெய்லரும் டேங்கும் சேர்ந்து 200 சொச்சம். 750-க்குள் அடங்குகிறது.

டோ பார் தகட்டில் D என்று ஒரு எண் அடித்திருந்தால் அது டோ பார் தாங்கும் இழுவிசை, கிலோநியூட்டன் கணக்கு. வண்டியின் மொத்த எடையையும் டிரெய்லரின் மொத்த எடையையும் டன்னில் எடுத்து, இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்க வேண்டும். 2.2 டன் வண்டி, முக்கால் டன் டிரெய்லர் என்றால் 5.5 வரும். தகட்டில் இருப்பது அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தகடே இல்லாத டோ பார் என்றால் செய்தவர் கணக்கே போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

03.03.2024

வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குப் போய் வந்தேன். போலிரோவுக்கென்றே அளவெடுத்துச் செய்த கிட் கிடைத்தது, தகடு இருக்கிறது. பெங்களூரு போக்குவரத்தைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம், எழுதினால் உங்களுக்குத்தான் வயிற்றெரிச்சல். அத்திப்பள்ளி தாண்டியதும்தான் மூச்சு வந்தது.

17.03.2024

மாட்டியாயிற்று. நீளமாக எழுதுகிறேன், மாட்டப்போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் பட்டறை கிருஷ்ணகிரியில். பெயர் வேண்டாம். கிட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "போல்ட் எல்லாம் எதற்கு சார், நாலு இடத்தில் வெல்டிங் வைத்தால் ஆயுசுக்கும் அசையாது" என்றார். அசையாதுதான், பக்கத்தில் விரிசல் விடும். வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டிய இரும்பு சூட்டில் தன் குணத்தை இழந்துவிடும், சேஸ் முறுக்கும்போது அங்கேதான் கோடு விழும். பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் வண்டியின் மூளைப் பெட்டியும் ஆல்டர்நேட்டரும் போகலாம், அது தனிச் செலவு. கிட்டை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது, லாரி பாடி கட்டும் ஒரு பெரியவர். மேற்கூரையில்லாத பட்டறை, பக்கத்தில் புளிய மரம். வண்டிக்கு அடியில் படுத்து, சேஸ் தண்டை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு எழுந்தார். "உள்ளே வெறும் பெட்டி. ஸ்லீவ் இருக்கா?" அதுதான் முதல் கேள்வி. ஆள் இவர்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

விஷயம் இது. சேஸ் தண்டு நான்கு பக்கமும் மூடிய பெட்டி. குறுக்கே துளை போட்டு நீள போல்ட்டைச் செருகி இறுக்கினால் இரண்டு சுவரும் உள்வாங்கும். இறுகிவிட்டது என்று நினைப்போம், உண்மையில் தகடு நசுங்கிக்கொண்டிருக்கும். நசுங்கிய தகடு நாளாக ஆகத் தளரும், போல்ட்டும் தளரும். அதற்காகத்தான் பெட்டியின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய கனமான குழாயை உள்ளே வைத்து அதற்குள் போல்ட்டை ஓட்டுவது. இறுக்கம் முழுவதையும் குழாய் வாங்கிக்கொள்ளும். என் கிட்டில் ஸ்லீவ் இருந்தது, ஆனால் இரண்டு மில்லிமீட்டர் நீளம் அதிகம். பெரியவர் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, வெர்னியர் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்தார். கடைசியில் குழாய் உள்ளே போனபோது தட்டவும் வேண்டியிருக்கவில்லை, ஆடவும் இல்லை.

கிட்டில் வந்த போல்ட்டுகளை அவர் கையில் வாங்கித் தலையைப் பார்த்தார். தரம் காட்டும் எண் ஒன்றும் இல்லை. அப்படியே குப்பை டப்பாவில் போட்டார். தலையில் 8.8 என்று அடித்த 12 மி.மீ. போல்ட், நைலான் வளையம் வைத்த நட்டு, கனமான வாஷர், எல்லாம் புதிதாக வாங்கி வந்தேன். துளை போட்ட இடத்தில் சுரண்டி, துத்தநாக பிரைமர் இரண்டு கை பூசிக் காயவிட்ட பிறகுதான் மாட்டினார். இதை விட்டுவிட்டால் இரண்டாவது மழைக்காலத்தில் துளையைச் சுற்றித் துரு ஆரம்பித்துவிடும்.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர். 8.8 தரத்தில் 12 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர், கிட்டோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. கை அளவில் இறுக்குகிறவர்கள் பாதிப் பேர் குறைவாக இறுக்குவார்கள், மீதிப் பேர் நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்குவார்கள். கொஞ்சம் ஓடிய பிறகு மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். பூச்சும் வாஷரும் அமரும்போது இறுக்கம் குறையும்.

18.03.2024

உயரம் பற்றி நேற்று விட்டுப்போயிற்று. சுமை ஏற்றி நிறுத்தியபோது குண்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 350 முதல் 420 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய அளவு. போலிரோ உயரமான வண்டி, ரிசீவரும் மேலே நிற்கிறது, அதனால் கீழ்நோக்கி வளைந்த தண்டுதான் வாங்க வேண்டும். டிரெய்லர் தளம் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

24.03.2024

வயரிங். ஏழு பின் சாக்கெட்டுக்கு ஐரோப்பிய வழக்கம் இது: 1 மஞ்சள், இடது இண்டிகேட்டர். 2 நீலம், பின் பனி விளக்கு. 3 வெள்ளை, எர்த். 4 பச்சை, வலது இண்டிகேட்டர். 5 பழுப்பு, வலது டெயில். 6 சிவப்பு, பிரேக். 7 கறுப்பு, இடது டெயில். டிரெய்லரைக் கட்டியவர் இந்த வழக்கப்படிதான் போட்டாரா என்று டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். என்னுடையதில் மஞ்சளும் பச்சையும் இடம் மாறியிருந்தன. இடது பக்கம் கை காட்டினால் டிரெய்லர் வலது பக்கம் கண்ணடிக்கும். அரசியலில் சகஜம், ரோட்டில் ஆகாது.

பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தால் வேறு எதையும் தேடாதீர்கள், எர்த்தைப் பாருங்கள். இங்குள்ள செம்மண் தூசு சாக்கெட்டுக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். மூடியுள்ள சாக்கெட் வாங்குங்கள், பின்களில் வாஸ்லின் தடவுங்கள்.

டெயில் விளக்கு வயரைச் சுரண்டி நேரடியாக முறுக்கி டேப் சுற்றுவது பழைய வண்டிக்குச் சரி. புது வண்டிகளில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பல்பின் மின்சாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும், கூடுதல் பல்பைச் சேர்த்தால் பல்பு போச்சு என்று சிணுங்கும். தனி ரிலே பெட்டி வைத்து, பேட்டரியிலிருந்து பியூஸ் போட்ட தனி வயர் இழுத்துக் கொடுங்கள்.

07.04.2024

பாலக்கோட்டுத் தம்பி, தேர்தல் பறக்கும் படையிடம் மாட்டினேன். கன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வழியில் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தினார்கள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள், நல்ல வேளை தண்ணீர்தான் இருந்தது. அப்புறம் ஒருவர் கேட்டார்: "வண்டி ஆர்சி சரி, டிரெய்லர் ஆர்சி எங்கே?"

இருந்தது, காட்டினேன். பலருக்கு இது தெரியாது என்பதால் எழுதுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே டிரெய்லரும் வருகிறது. எஞ்சின் இல்லை, அதனால் பதிவு வேண்டாம் என்பது செல்லாது. விற்றவரின் படிவம் 21, தயாரிப்பாளரின் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22, இவை இல்லாமல் பதிவு அலுவலகத்தில் ஒன்றும் நடக்காது. பட்டறையில் இரும்பு வாங்கிக் கொடுத்துக் கட்டிய டிரெய்லருக்கு இவை எங்கிருந்து வரும்? அதைத் தோப்பு வேலிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

டோ பாருக்கும் சட்டம் உண்டு. பிரிவு 52, தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் இருக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் முன்பக்க இரும்பு பம்பர்களுக்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது நினைவிருக்கும். இழுப்பதற்கு ஆவணமுள்ள டிரெய்லர் கையில் இருக்கும்போது பேசுவது வேறு, அழகுக்குக் குண்டு வைத்துக்கொண்டு நிற்பது வேறு. மாட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுதிக் கேட்டு, பதிலை வண்டியில் வையுங்கள்.

21.04.2024

தேர்தல் முடிந்தது, மை காய்ந்தது, மழைதான் வரவில்லை. பிஞ்செல்லாம் வெயிலில் கொட்டுகிறது. பெரிய மரத்துக்கும் தண்ணீர் விடலாமா என்று யோசிக்கிறோம். இது நம் பேச்சுக்குச் சம்பந்தமில்லாதது, விடுங்கள்.

சம்பந்தமுள்ளது: டிரெய்லர் வால் ஆட்டுகிறது என்று ராயக்கோட்டை நண்பர் எழுதியிருக்கிறார். டேங்கை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மாட்டு வண்டி ஓட்டியவர் வீட்டில் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை நெரிக்கும், முன்பாரம் ஆனால் கழுத்தை அழுத்தும். டிரெய்லருக்கும் அதே கணக்கு. குண்டின் மேல் கொஞ்சம் முன்பாரம் இருந்தே ஆக வேண்டும். ஐரோப்பாவில் டிரெய்லர் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள், அமெரிக்காவில் 10 முதல் 15. குறைந்தால் வால் ஆடும். கூடினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன் சக்கரத்தில் பிடிப்புக் குறையும், கமான் பட்டையும் தட்டையாகும்.

எடை பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். தக்காளி மண்டியில் கிரேட் வைக்கும் தராசு போதும். என் டிரெய்லரைக் கழற்றி, தளம் மட்டமாக இருக்கும்படி கப்ளருக்கு அடியில் கட்டையை நிறுத்தி, கட்டையைத் தராசில் வைத்தேன். தண்ணீர் நிரப்பி 20 கிலோதான் காட்டியது. டேங்கை ஒரு சாண் முன்னால் தள்ளிக் கட்டினேன், 50 வந்தது. ஆட்டம் நின்றது. மண்டிக்காரர் மட்டும் "என்ன விலை போகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாதி நிரப்பிய டேங்க் முழு டேங்கைவிட மோசம். பிரேக் அடித்தால் தண்ணீர் முன்னால் ஓடும், விட்டால் பின்னால் ஓடும், பாரமும் கூடவே ஓடும். உள்ளே தடுப்பு வைத்த டேங்க் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நிரப்பிக் கொண்டுபோய், காலியாகத் திரும்புங்கள்.

ஓடும்போது ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அமுக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு நேராகப் பிடித்திருங்கள்.

12.05.2024

தர்மபுரியிலிருந்து ஒருவர்: டிரெய்லரோடு சேலம் போக தொப்பூர் கணவாயில் இறங்கலாமா? என்னிடம் பிரேக் இல்லாத டிரெய்லர்தான், நான் இறங்க மாட்டேன். ஜனவரியில் அங்கே இரட்டைப் பாலத்தில் லாரி மோதி நடந்த விபத்தை எல்லோரும் போனில் பார்த்தோம். அந்த இறக்கத்தில் நம் பிரேக் தாங்கினாலும் பின்னால் வரும் லாரியின் பிரேக் தாங்குமா என்பது நம் கையில் இல்லை. போயே தீர வேண்டும் என்றால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் டிராபாருக்கு (டிரெய்லரின் முன் தண்டு) அடியில் எக்ஸ் மாதிரி குறுக்காக மாட்டுங்கள், கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி மேலேயே உட்காரும்.

13.05.2024

பின்னால் எடுப்பது எப்படி என்றும் அவரே கேட்கிறார். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கோணம் முறியப்போகிறது என்று தெரிந்தால் பிடிவாதம் பிடிக்காமல் முன்னால் எடுத்து நேராக்குங்கள். என் மாமனார் ஒரு முறை பார்த்துவிட்டு, "காளையாவது பின்னால் போகச் சொன்னால் போகும்" என்றார்.

09.06.2024

பாலக்கோட்டுத் தம்பி எர்டிகாவுக்கு டோ பார் வேண்டாம் என்று முடிவு செய்து, பார்க்கிங் சென்சார் போட்டிருக்கிறார். நல்லது.

ரிசீவர் மாட்டியவர்களுக்கு ஒரு பதில் பாக்கி. வேலை இல்லாத நாளில் குண்டுத் தண்டைக் கழற்றத்தான் வேண்டுமா? ஆமாம். நம்பர் பிளேட்டை மறைக்கும், பின்னால் எடுக்கும்போது சுவரில் முதலில் அதுதான் முட்டும், பார்க்கிங் சென்சார் இருந்தால் ஓயாமல் கத்தும். கழற்றினால் குழாயின் வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள், இல்லையென்றால் குளவி மண் கூடு கட்டிவிடும். குண்டுக்கு மெல்லிசாக கிரீஸ் தடவி ஒரு டென்னிஸ் பந்தைக் கிழித்து மாட்டி வையுங்கள். குறுக்குப் பின்னுக்குப் பதில் பூட்டோடு வரும் பின் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். சாவி இரண்டு வரும், ஒன்றை வண்டிச் சாவியோடு கோர்த்துக்கொள்ளுங்கள்.